மறைந்துறையும் துரு

தென்றலும் சாரலும் கூடிவரும் ஆனி, ஆடித் திங்கள்களில் குற்றாலத்தை நாடாதார் தென்பாண்டி நாட்டில் அரியர். பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீராடித் தலை துவட்டி மகிழ்வோர், தம்மை அங்குக் கொணர்ந்த வண்டி அந்நேரத்தில் யாது செய்கின்றது என எண்ணிப் பார்ப்பதில்லை. அதுவும் சாரலில் நீராடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அதற்குத் துவட்டுவார் இல்லை. மனிதர்க்கு மருந்தெனப் போற்றப்பெறும் அந்நீர் இரும்பிற்கு நஞ்சாகும்.

அவ்வண்டிகளுள் இந்நாளில் புதிதாகச் சேர்ந்திருப்பது வீட்டு வண்டி. படுக்கை, அடுப்பு, குளியலறை, நீர்த்தொட்டி யாவும் அமைந்து, சக்கரத்தின்மேல் ஓடும் சிறு இல்லமே அது. கேரவன் என்பது அதன் வழக்குப் பெயர். சினிமா நடிகர்க்கும் தேர்தற்காலத் தலைவர்க்கும் உரியதாக நாம் கருதிவந்த இவ்வண்டி, நம் மலைக்கு மேற்கே கேரள அரசினர் 2021-ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்ததுமுதல் பொதுமக்கள் பேச்சிலும் இடம்பெறலாயிற்று. பழைய பேருந்தையோ வேனையோ விலைக்கு வாங்கிப் பட்டறையில் விட்டு, வீட்டு வண்டியாக மாற்றிக்கொள்வாரும் உளர். அங்ஙனம் வாங்குவோர் மேலே பூசிய வண்ணத்தைக் காண்கின்றனர்; உள்ளே விரித்த மெத்தையை அழுத்திப் பார்க்கின்றனர். அனைத்தையும் தாங்கும் அடிச்சட்டத்தைக் குனிந்து காண்பார் சிலரே. அச்சட்டத்தில் மறைந்திருக்கும் துருவைக் கண்டறியும் வகையையும், கண்டபின் செய்யத்தக்க சிகிச்சையையும் இவ்வியாசத்தில் ஒருவாறு விளக்கப் புகுகின்றோம். இங்குக் கூறுவன பள்ளிப் பேருந்து, சரக்கு லாரி, சுற்றுலா வேன் ஆகியவற்றிற்கும் பெரும்பாலும் பொருந்தும்.

இது பொருட்செலவைப் பற்றிய பேச்சு மட்டுமன்று; உயிரைப் பற்றியதுமாம். 2012-ஆம் ஆண்டு ஜூலை 25 அன்று சென்னையை அடுத்த தாம்பரத்தின் அருகே, ஓடிக்கொண்டிருந்த பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி சாலையில் விழுந்து உயிர் துறந்தாள். தமிழ்நாடு முழுவதும் அச்செய்தி கேட்டுத் துடித்தது. உயர்நீதிமன்றம் தானாகவே அவ்விஷயத்தைக் கையிலெடுத்தது. அவ்வாண்டிலேயே பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தனிவிதிகள் தோன்றின. காலின்கீழ் இருக்கும் தரையும், தரையின்கீழ் இருக்கும் சட்டமும் எத்தன்மையில் உள்ளன என்பதை அறியாமல் வண்டியேறுதல் எத்துணை அபாயம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

துருவாவது யாது?

இரும்பு மண்ணிலிருந்து வந்தது. மண்ணுக்கே திரும்ப விழைகின்றது. பூமியில் அது பிராணவாயுவோடு கூடிய கல்லாகவே கிடக்கின்றது. உலையிலிட்டு மிக்க வெப்பத்தால் நாம் அதனைப் பிரித்தெடுக்கின்றோம். நீரும் காற்றும் ஒருங்கே கிடைத்தால் அது மீண்டும் பிராணவாயுவோடு கூடிப் பழைய நிலையை அடையும். அதுவே துரு. இவ்விரண்டனுள் ஒன்று இல்லையாயினும் துரு உண்டாவதில்லை. கொதிக்கவைத்துக் காற்று நீக்கிய நீரில் ஓர் ஆணியை இட்டு, மேலே எண்ணெய் ஊற்றி மூடிவைத்தால் அது பல நாள் பளபளப்பாகவே இருக்கும்; ஈரமற்ற காற்றில் அடைத்துவைத்த ஆணியும் அவ்வாறே. சாதாரண நீரில் பாதி மூழ்கிக் கிடக்கும் ஆணியோ மறுநாளே சிவக்கும். இச்சோதனையைப் பள்ளிச் சிறுவரும் செய்து பார்க்கலாம்.

இரும்பின்மேல் நீர் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதும் இல்லை. காற்றிலுள்ள ஈரப்பதம் நூற்றுக்கு ஏறக்குறைய அறுபதைக் கடந்ததும் துருவேறும் வேகம் திடீரெனப் பெருகுகின்றது என்பதை வெர்னன் என்னும் ஆங்கில ஆராய்ச்சியாளர் காட்டினார். தென்காசி, குற்றாலம், செங்கோட்டைப் பகுதிகளில் சாரற்காலக் காற்று அவ்வெல்லையை எளிதில் தாண்டும். ஆதலின் மழையில் நனையாது கொட்டகையில் நின்ற வண்டியும் முற்றும் தப்பிற்று என்று கொள்ளலாகாது.

துருவேறுதல் இரசாயனச் செயல் மட்டுமன்று, மின்சாரச் செயலுமாகும். கேம்பிரிட்ஜில் உலோக அரிமானத்தை ஆராய்ந்த யூ. ஆர். ஈவன்ஸ் என்பார் இதனை ஒரே ஒரு நீர்த்துளியால் விளங்கவைத்தார். உப்புநீரில் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் பினால்ப்தலீனும் சிறிது கலந்து, துலக்கிய இரும்புத் தகட்டின்மேல் ஒரு துளி விடுக. சிறிது நேரத்தில் துளியின் நடுவில் நீல நிறமும் ஓரத்தில் இளஞ்சிவப்பு நிறமும் தோன்றும். ஓரத்தில் காற்று எளிதிற் புகுகின்றது. நடுவில் புகுவது அரிது. காற்றுக் குறைந்த நடுவிடத்தில் இரும்பு கரைகின்றது. அதனையே நீலம் காட்டுகின்றது. காற்று மிகுந்த ஓரம் கரையாமல் நிற்கின்றது. நம் விஞ்ஞான வகுப்பு மாணவர் இதனை ஒருமுறையேனும் செய்து பார்த்தல் நலம். மறைவிடத் துருவின் இரகசியம் முழுவதும் அத்துளியுள் அடங்கியிருக்கின்றது.

மறைவிடம் ஏன் முந்தி அழிகின்றது?

இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இடுக்கைக் கருதுக. நுண்ணிய பிளவின் வழியாக நீர் உள்ளே இழுக்கப்பட்டு நிற்கும். காற்று ஆழத்திற்குச் செல்லாது. ஆகவே இடுக்கின் உட்பகுதி துளியின் நடுவைப்போலக் கரையும். வெளிப்பகுதி துளியின் ஓரத்தைப்போல நலமாய் இருக்கும். வெளியே நின்று காண்போர் நல்ல இரும்பையே காண்பர். கேடோ உள்ளே நடைபெறும். காற்றுப் படாத இடத்தில் இரும்பு பத்திரமாய் இருக்கும் என்பது பலர் கருத்து. ஈரம் நிற்கும் இடுக்கில் உண்மை அதற்கு நேர்மாறானது.

மேலும், துருவானது தான் தோன்றிய இரும்பைக்காட்டிலும் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடங்கொள்ளும். இடுக்கில் அடைபட்ட துரு, சுவர்ப்பிளவில் முளைத்த அரசங்கன்று சுவரைப் பிளப்பதுபோலத் தகடுகளை அகற்றி, தறையாணிகளை இழுத்து முறிக்கவும் வல்லது.

உப்பு இதற்கு உற்ற துணை. தூத்துக்குடி உப்பளங்களிலும் மீன்பிடி துறைகளிலும் உழைத்த வண்டி பின்னர் நம் மலையடிவாரத்திற்கு விற்பனைக்கு வருமாயின், கடற்கரையைத் தன் சட்டத்தின் இடுக்குகளில் சுமந்துகொண்டே வருகின்றது. சுத்திசெய்யாத உப்பிலுள்ள மெக்னீஷியம் குளோரைடு வறண்ட காற்றிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சும். ஆதலின் அவ்வண்டியின் உள்ளிடுக்கு கோடையிலும் உலர்வதில்லை. சர்வதேசத் தர அளவைகளின்படி, நடுத்தரமான சூழலில் வெளியிற் கிடக்கும் எஃகு முதலாண்டில் 0.025 முதல் 0.05 மில்லிமீட்டர் வரை தேயும். கடுமையான கடற்கரைச் சூழலில் 0.08 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை தேயும். இவை திறந்த பரப்பிற்கு உரிய கணக்குகள். இடுக்கில் தேய்வு ஒருசீராய் நிகழாது குழிகுழியாய் நிகழ்வதால், இக்கணக்கை நம்பி, இன்னும் பல ஆண்டு தாங்கும் எனக் கொள்வது தவறாகும்.

உலகம் கண்ட சில சான்றுகள்

1914-இல் திறக்கப்பெற்ற பாம்பன் ரயில் பாலம் நம் நாட்டிற் கடற்காற்றோடு நெடுநாள் போராடிய எஃகு அமைப்புகளுள் தலையாயது. கப்பலுக்கு வழிவிடத் திறந்து மூடும் அதன் நடுப்பகுதி அரிக்கப்பட்டுத் தளர்ந்தமையால் 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் ஓடுவது நிறுத்தப்பட்டது. அதன் பக்கத்தில் எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பெற்றது. புதிய பாலத்தில் உறுப்புகளை முழுவதும் பற்றவைத்து இணைத்ததோடு, பாலிசிலாக்சேன் என்னும் உறுதியான பூச்சும் பூசினர். பற்றவைத்த இணைப்பில் இடுக்கு இல்லை. இடுக்கு இல்லையேல் ஒளிந்திருக்கத் துருவிற்கு இடமில்லை.

அமெரிக்காவில் ஒகையோ நதியின் குறுக்கே நின்ற வெள்ளிப் பாலம் 1967 டிசம்பர் 15 அன்று மாலைப்பொழுதில் வண்டிகள் நிறைந்திருக்கையில் இடிந்து வீழ்ந்தது. 46 பேர் மாண்டனர். அதனைத் தாங்கிய எஃகுப் பட்டை ஒன்றின் கண்ணுள், அரிமானமும் இழுவிசையும் சேர்ந்து வளர்த்த சிறு வெடிப்பே காரணம் என ஆராய்ச்சியில் வெளியாயிற்று. இணைப்பைக் கழற்றினாலன்றி அவ்வெடிப்பைக் காண வழியில்லாதிருந்தது. அவ்விபத்தின் பின்னரே அந்நாட்டில் பாலங்களைக் குறித்த காலத்தில் பரீட்சிக்கும் முறை நாடுதழுவி ஏற்பட்டது.

மோட்டார் வண்டிகளிலேயே ஒரு சான்று உண்டு. அமெரிக்காவில் டொயோட்டா கம்பெனியாரின் சிலவகைச் சரக்கு வண்டிகளின் அடிச்சட்டம் அளவு கடந்து துருவேறுகிறதென வழக்குத் தொடரப்பட்டது. ஏறக்குறைய 15 லட்சம் வண்டிகளைப் பரீட்சித்து, வேண்டியவற்றிற்குச் சட்டத்தை மாற்றித்தர 2016-இல் அக்கம்பெனியார் உடன்பட்டனர். அதன் மொத்த மதிப்பு 340 கோடி டாலர் வரை ஆகுமெனக் கணக்கிட்டனர்.

வீட்டு வண்டியில் தேடவேண்டிய இடங்கள்

கனரக வண்டியின் அடிச்சட்டம் ஏணியைப் போன்றது. நெடுக இரண்டு சட்டங்களும், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களும் உண்டு. அதன்மேல் கரூர் முதலிய ஊர்களிலுள்ள கூண்டு கட்டும் தொழிலாளர் உடற்பகுதியை அமைக்கின்றனர். சட்டம் ஓரிடத்தில், கூண்டு வேறிடத்தில் உண்டாவதால், இரண்டும் கூடுமிடங்களே முதற்கண் ஐயுறத்தக்கவை.

பிற வண்டிகளில் நீர் கீழிருந்து தெறித்து வரும். வீட்டு வண்டியிலோ மேலிருந்தும் வரும். குளியலறைத் தரையின் கசிவு, நீர்த்தொட்டியின் புறத்தே குளிர்ச்சியால் அரும்பும் வியர்வை, குளிர்சாதனப் பெட்டியின் வடிநீர், ஜன்னற் சட்டத்தின் வழியே புகும் சாரல் ஆகிய யாவும் பிளைவுட் தரையுள் ஊறி, அதன்கீழுள்ள குறுக்குச் சட்டத்தின் மேல்விளிம்பில் நிற்கும். கீழே படுத்துப் பார்ப்பவர்க்கு மேல்விளிம்பு புலப்படாது. எனவே நீர்த்தொட்டியைத் தாங்கும் பட்டைகள், குளியலறையின் அடி, ஏறுபடிகளின் மூலை, சக்கரங்களின் பின்புறத்தில் சேறு தங்கும் இடம், வில்பட்டைகளைத் தாங்கும் பிடிகள், இரட்டைத் தகடு வைத்த பகுதிகள், பின்புறம் நீளங்கூட்டப் பற்றவைத்த இணைப்பு, நான்கு பக்கமும் மூடிய பெட்டிக்குழாய்கள் ஆகியவற்றை ஒன்று விடாது காணவேண்டும். பெட்டிக்குழாயின் அடியில் நீர் வடியும் துளை சேற்றால் அடைபட்டிருப்பின் உள்ளே குளம் கட்டியிருக்கும்.

கண்டறியும் வகை

முதலில் வண்டியின் அடியை நன்னீரால் கழுவி உலரவிட வேண்டும். பின் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, உறுதியான தாங்கிகளின்மேல் வண்டியை இருத்திய பின்னரே கீழே செல்லல் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி எக்காரணத்தாலும் அடியிற் புகலாகாது. துருவேறிய சட்டத்தில் ஜாக்கி வைத்த இடமே உள்ளே புதைதலும் கூடும்.

கண்ணாற் காணத்தக்க குறிகள் பல. தறையாணியின் தலையிலிருந்து ஒழுகிய செந்நிறக் கோடு, உப்பிய பூச்சு, இரு தகடுகளுக்கிடையே அலைபோல் வளைந்த விளிம்பு, ஏடேடாய் உரியும் துரு ஆகியவை உள்நோயைக் காட்டும். முன்பு நன்றாக மூடிய கதவு இப்போது நெருடுவதும், ஜன்னற் கண்ணாடி காரணமின்றி வெடிப்பதும் சட்டம் தொய்ந்தமையைக் குறிக்கலாம்.

அடுத்தது தட்டிப் பார்த்தல். மட்பாண்டம் வாங்கும் நம் பெண்டிர் விரலால் தட்டி ஓசை கேட்டு நல்லதும் பொல்லாததும் அறிவர். சிறு சுத்தியலால் சட்டத்தை ஒரு சாண் இடைவிட்டுத் தட்டிக்கொண்டே செல்க. நல்ல எஃகு கணீரென ஒலித்துச் சுத்தியலைத் துள்ளவிடும். அரிபட்டது மந்தமாய் ஒலிக்கும், பொருக்கும் உதிரும். ஐயமுள்ள இடத்தில் கூரிய குத்தூசியை அழுத்திப் பார்த்தால் உண்மை வெளியாகும். புட்டி பூசி மறைத்த ஓட்டையைக் காந்தம் காட்டிக்கொடுக்கும். இரும்பில்லாத இடத்தில் அது ஒட்டாது. அடிமுழுவதும் புதிதாய்த் தார் பூசிய பழைய வண்டி விற்பனைக்கு வருமாயின், அதனை அழகெனக் கொள்ளாது எச்சரிக்கை எனக் கொள்க.

மூடிய குழாய்களுள் காண, நீண்ட கம்பி நுனியில் விளக்கும் காமிராவும் பொருந்திய சிறு கருவி உண்டு. கைத்தொலைபேசியோடு இணைத்துக் காணத்தக்கது. தகட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் வைத்துத் தடிப்பை அளக்கும் ஒலியலைக் கருவியும் பெரிய பட்டறைகளில் கிடைக்கும். துருவேறாத இடத்தின் தடிப்பையும் ஐயமுள்ள இடத்தின் தடிப்பையும் ஒப்பிட்டு நோட்டில் எழுதி, ஆண்டுதோறும் அதே இடத்தில் அளந்துவந்தால் நோயின் போக்கு நன்கு விளங்கும். பட்டறைக்காரர் சொல்லுக்கு மாறாக நம் கையில் ஒரு கணக்கு இருத்தல் நன்று.

சிகிச்சை

நோயின் மூலத்தை நீக்காது மருந்து பூசுதல் பயனற்றது. எனவே நீர்க்கசிவை அடைத்தலே முதற் சிகிச்சை. அதன்பின் கேட்டை மூவகையாகப் பிரித்துக்கொள்க: மேற்பரப்பில் மட்டும் படிந்தது, ஏடாய் உரிந்து தடிப்பைக் குறைத்தது, துளைத்தது அல்லது வெடித்தது.

முதல் வகைக்கு வீட்டிலேயே வைத்தியம் செய்துகொள்ளலாம். கம்பித் தூரிகை, உப்புத்தாள், சாணைச் சக்கரம் ஆகியவற்றால் இயன்றவரை வெள்ளை இரும்பு தெரியும்படி தேய்த்து, நன்னீரால் உப்பைக் கழுவி, அன்றே முற்றும் உலர்த்த வேண்டும். பழைய பூச்சில் ஈயச் செந்தூரம் இருக்கக்கூடும். அதன் தூள் விஷமாதலால் மூக்கிற்கும் கண்ணிற்கும் காப்பு அவசியம்.

குழிகளில் எஞ்சிய துருவை மாற்ற இருவகை மருந்துகள் உள. ஒன்று டானின் சத்துள்ளது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் முன்னோர் கருமை காய்ச்சிய முறையில் நிகழும் மாற்றமே இங்கும் நிகழ்கின்றது; கடுக்காயிலுள்ள டானின் இரும்போடு கூடிக் கரையாத கருநீலப் பொருளாகின்றது. மற்றொன்று பாஸ்பாரிக் அமிலம். அது துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றும். ஏறக்குறைய 1,600 ஆண்டுகளாக டில்லியில் நிற்கும் இரும்புத் தூண் பெரிதும் அழியாதிருப்பதற்கு, அவ்விரும்பிலுள்ள பாஸ்பரஸ் மிகுதியால் உண்டான மெல்லிய பாஸ்பேட்டுப் படலமே காரணம் எனக் கான்பூர் ஐ.ஐ.டி.யின் ஆர். பாலசுப்பிரமணியம் விளக்கினார். எனினும் இம்மருந்துகள் மெல்லிய துருவையே மாற்றும். தடித்த பொருக்கின்மேல் பூசினால் மேலே கறுத்து உள்ளே பழையபடியே இருக்கும்.

அதன்மேல் எபாக்சி அடிப்பூச்சும், பின் மேற்பூச்சும் வேண்டும். துத்தநாகம் மிகுந்த பூச்சு இன்னும் சிறந்தது. ஆனால் அது துலக்கிய வெறும் இரும்பைத் தொட்டிருந்தாலன்றிப் பயன்தராது. துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கின்றது. இத்தத்துவத்தை 1824-இல் ஹம்ப்ரி டேவி கப்பலின் செப்புத் தகடுகளைக் காப்பதற்குப் பயன்படுத்தினார். 1837-இல் சோரெல் என்னும் பிரெஞ்சுக்காரர் இரும்பிற்குத் துத்தநாக முலாமிடும் முறைக்கு உரிமை பெற்றார். தகட்டின் விளிம்பிலும் ஆணித்தலையிலும் பூச்சு மெலிந்தே நிற்குமாதலால் அவ்விடங்களுக்குத் தூரிகையால் ஒருமுறை தனியே பூசுக. கை புகாத குழாய்களுள், நீண்ட குழல் வழியே ஊர்ந்து பரவும் துருத்தடுப்பு எண்ணெயையோ மெழுகையோ செலுத்துக. வடிதுளைகளை மட்டும் ஒருபோதும் அடைத்துவிடலாகாது.

ஈரத்துருவின்மேல் தாரைப் பூசுதல் நம் ஊர்ப் பட்டறைகளில் காணும் வழக்கம். புண்ணைக் கழுவாது கட்டுப்போடுவதற்கு அது ஒப்பாகும். தார் காய்ந்து வெடிக்கும். வெடிப்பில் நீர் புகும். புகுந்த நீர் வெளியேறாது.

இரண்டாம் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் பூச்சு சிகிச்சையாகாது. தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு போயின் வலிமையும் ஏறக்குறைய அவ்வளவு போகும். குழியின் நுனியில் விசை குவிந்து, மலைப்பாதையின் ஒவ்வொரு குலுக்கலிலும் வெடிப்பு வளரும். அத்தகைய பகுதியை வெட்டி நீக்கிப் புதியது வைத்தலே முறை. கனரகச் சட்டங்களில் பலவும் சிறப்பு எஃகினால் ஆனவை. அவற்றின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் துளையிடுவதையும் பற்றவைப்பதையும் உற்பத்தியாளர் பொதுவாக விலக்கியிருக்கின்றனர். ஆகவே அவர்தம் கைநூல் காட்டும் வழியில், தேர்ந்த தொழிலாளரைக்கொண்டே செய்விக்க வேண்டும். பற்றவைக்குமுன் பாட்டரித் தொடர்பை நீக்குதலும், சமையல் வாயு உருளையையும் எரிபொருளையும் அப்புறப்படுத்துதலும் இன்றியமையாதவை. நெடுஞ்சட்டமே துளைபட்டிருப்பின், சீர்செய்யும் வரை அவ்வண்டியில் ஒருவரும் ஏறலாகாது.

காலமும் கடமையும்

நம் பகுதிக்கு ஏற்ற காலக்கிரமம் ஒன்றைக் கூறுவோம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின் தைத் திங்களில் சட்டத்தைப் பரீட்சிக்கலாம். பங்குனி, சித்திரை வெயிலில் தேய்த்துப் பூச்சிடலாம். அப்போதுதான் இரும்பும் பூச்சும் நன்றாய் உலரும். ஆனிச் சாரல் தொடங்குமுன் வேலை முடிதல் வேண்டும். சாரற்காலம் முடிந்ததும் மீண்டும் அடியைக் கழுவி வடிதுளைகளைத் திறந்துவிடல் வேண்டும். சர்க்கார் தரும் தகுதிச் சான்று அந்நாளின் நிலைமையையே கூறும். அடுத்த மழைக்கு அது பொறுப்பாகாது.

இத்துறையில் கற்க விரும்பும் மாணவர்க்குத் தொலைவிடம் போகவேண்டுவதில்லை. அழகப்பச் செட்டியார் அளித்த 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்ச ரூபாயையும் கொண்டு, 1948-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953-இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் இருக்கின்றது. உலோக அரிமானத்தை ஆராய்தல் அதன் முதன்மையான பணிகளுள் ஒன்று.

விடுமுறையில் குற்றாலம் செல்லும் நண்பர்கள், வண்டி பேசும்போது வாடகையையும் இருக்கையையும் விசாரிப்பதோடு நில்லாது, ஒருமுறை குனிந்து அடியையும் காண்க. தறையாணித் தலையில் செங்கோடு கண்டால் ஓட்டுநரிடம் மரியாதையோடு எடுத்துரைக்க. தம் வாழ்நாட் சேமிப்பையெல்லாம் இட்டு ஒரு வண்டி வாங்கிய ஏழைத் தொழிலாளிக்கு, கேடு முற்றுமுன் சொல்லும் அவ்வொரு சொல் பேருதவியாகும். அதனுள் அமரும் குழந்தைகளுக்கோ அது உயிர்க்காப்பு.